நாற்பதில் தொடங்கிய இன்னொரு வாழ்வு: சிறைக்குள் நூல் படைத்த வ.உ.சி.



மனித வாழ்வில் நாற்பது வயது ஒரு முக்கியமான படி. திருக்குர்ஆன் அந்த வயதை எண் சொல்லியே குறிப்பிடுகிறது (46:15). அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்பட்டதும் நாற்பதாவது வயதில்தான்.

ஆனால் இன்று நம் வீடுகளுக்குள் நாற்பது எப்படி நுழைகிறது? சர்க்கரை மாத்திரையோடு, இரத்த அழுத்தத்தோடு, கடன் தவணையோடு நுழைகிறது. தருமபுரி மாவட்டத்தில் நம் குடும்பங்களைப் பாருங்கள். ஆண்களில் பலர் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ பிழைக்கப் போயிருக்கிறார்கள். பெண்கள் வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒற்றை ஆளாய்ச் சுமக்கிறார்கள். களியும் கீரையும் இருந்த இரவுச் சாப்பாட்டில் பரோட்டா வந்து உட்கார்ந்துவிட்டது. இனிமேல் என்ன புதிதாக நடந்துவிடப் போகிறது என்ற சலிப்பு மெல்ல மனதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த வயதில் ஒரு நல்ல நூல் மனிதனை மாற்றுமா? மாற்றும் என்றால் எதை மாற்றும்? எதை மாற்றாது? இந்தக் கேள்விகளுக்குத் தம் வாழ்வையே பதிலாக விட்டுச் சென்ற ஒருவரைப் பற்றி நாம் இங்கே பார்ப்போம். அவர் கப்பலோட்டிய தமிழர் என்று நாம் அறிந்த வ.உ.சிதம்பரனார். கப்பல் போன பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்பது நம்மில் பலரும் அதிகம் பேசாத பகுதி.

உயரத்தில் இருந்த காலம்

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலானார். தூத்துக்குடியில் நல்ல வருமானமும் மதிப்பும் கிடைத்தன.

அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் வாணிபம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஒரே ஆளாக வாங்கியவர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். கம்பெனியின் செயலாளர் பொறுப்பிலும் வ.உ.சி.யோடு அவர் பெயர் இருந்தது. விடுதலைப் போராட்ட வரலாற்றில் நம் சமுதாயத்தின் பங்கு என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. சுதேசிக் கப்பலும் ஓடியது. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அரசு இதற்குமேல் பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

எல்லாம் போன ஆண்டு

1908 ஜூலை 7. நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது ஆண்டு. வ.உ.சி.க்கு அப்போது முப்பத்தைந்து வயது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனம் பிறழ்ந்துவிட்டது.

கோயம்புத்தூர் சிறையில் அவர் மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். நார் உரிக்கும் வேலையில் கைத்தோல் பிய்ந்தது. வக்கீல் தொழிலுக்கான சன்னது பறிக்கப்பட்டது. வெளியே கம்பெனி நொடித்தது. அவர் உள்ளே இருக்கும்போதே கப்பல் கைமாறியது. எந்தக் கம்பெனியை எதிர்த்து அவர் கப்பல் வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே அது போய்ச் சேர்ந்தது.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். தொழில் இல்லை. சொத்து இல்லை. உடல் நலம் குன்றிக்கொண்டிருக்கிறது. குடும்பம் தெருவில் நிற்கிறது. இதில் ஒன்று நடந்தாலே நாம் இடிந்து போகிறோம். அவருக்கு நான்கும் ஒன்றாக நடந்தன.

சிறைக்குள் வந்த சிறு நூல்

இந்த இருட்டில் அவர் கையில் எடுத்தது நூல்களைத்தான். தொல்காப்பியத்தைப் படிக்கத் தொடங்கினார். திருக்குறளை ஆழமாகக் கற்றார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சிறு நூல் ஒன்றைத் தமிழாக்கினார்.

யார் இந்த ஜேம்ஸ் ஆலன்? 1864-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா போன தந்தை அங்கேயே இறந்துவிட, பதின்ம வயதிலேயே படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர். நாற்பதை நெருங்கும்போது அலுவலக வேலையை விட்டுவிட்டு, இல்ஃபிரகூம் என்ற கடலோர ஊரில் எளிமையாக வாழ்ந்து எழுதியவர். 1903-ல் வெளிவந்த அவருடைய சிறு நூலைத்தான் வ.உ.சி. 'மனம்போல வாழ்வு' என்று தமிழில் தந்தார். அது 1909-ல் வெளியானது. நூலாசிரியர் சுதந்திரமாகக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார். மொழிபெயர்த்தவர் கைதி உடையில் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்த நூலில் ஏழு பகுதிகள். எண்ணம் ஒழுக்கத்தை எப்படி உருவாக்குகிறது, சூழ்நிலையை எப்படிப் பாதிக்கிறது என்று தொடங்கும் நூலில் மூன்றாவது பகுதி முழுவதும் எண்ணத்துக்கும் உடல் நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறது. பகை, பொறாமை, அச்சம் இவற்றைச் சுமப்பவனின் உடலும் கெடுகிறது என்பது அதன் சாரம்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்), 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை உடலின் நலம், மனத்தின் நலம் என்று இரண்டு பாகமாகவே எழுதினார். உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஒரு பாகத்தில். கோபம், அச்சம், கவலை, வீண் எண்ணங்கள் மறு பாகத்தில். ஒன்றைக் கவனித்து மற்றொன்றை விட்டால் இரண்டும் கெடும் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. நம் முன்னோர் எழுதி வைத்ததை நாம் அலமாரியில் வைத்துவிட்டோம்.

கைதிகளுக்காக ஒரு நூல்

கோயம்புத்தூரிலிருந்து வ.உ.சி. கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே உடன் இருந்த கைதிகளுக்கு நல்லதைச் சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்காக உருவானதுதான் 'மெய்யறம்'. திருக்குறளை முன்மாதிரியாகக் கொண்டு மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்று ஐந்து இயல்களில் 125 அதிகாரங்களாக அமைந்த நூல் அது. உடம்பைப் பேணுவது, மனத்தை ஆள்வது, கள்ளையும் சூதையும் சோம்பலையும் விலக்குவது என்று அடிப்படையிலிருந்தே தொடங்குகிறது.

இந்த இடத்தில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வராமல் இருக்காது. செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோதும் அவர்கள் தம் துயரத்தைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. கனவுக்கு விளக்கம் கேட்டு வந்த கைதிகளுக்கு முதலில் நேர்வழியைச் சொன்னார்கள். நபிமார்களின் தகுதிக்கு யாரையும் நாம் ஒப்பிடவில்லை. ஆனால் துன்பத்தில் இருப்பவன் பிறருக்குப் பயன்படத் தொடங்கும்போது அவனுடைய துன்பமே சிறுத்துவிடும் என்ற பாடம் எல்லோருக்கும் பொதுவானது.

வ.உ.சி. சைவ நெறியில் ஊன்றியவர். பிற்காலத்தில் சிவஞான போதத்துக்கு உரையும் எழுதினார். அவருடைய சமயக் கொள்கை வேறு, நம் ஈமான் வேறு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய உழைப்பையும் ஒழுக்கத்தையும். பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்து வாங்கிய நம் முன்னோர், எழுதியவர் யார் என்று பார்த்து ஒதுக்கவில்லை. கொள்ள வேண்டியதைக் கொண்டார்கள், தள்ள வேண்டியதைத் தள்ளினார்கள்.

வாசலில் கூட்டம் இல்லை

1912 டிசம்பர் 24. வ.உ.சி. விடுதலையானார். வயது நாற்பது. ஒரு காலத்தில் அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூடிய மக்கள் அன்று சிறை வாசலுக்கு வரவில்லை. ஜேம்ஸ் ஆலன் அதே ஆண்டு ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

சென்னைக்குக் குடும்பத்தோடு வந்தார். சன்னது இல்லாததால் வக்கீல் தொழில் செய்ய முடியாது. அரிசி விற்றார். நெய் வியாபாரம் செய்தார். எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டி அனுப்பிய சிறு தொகைக்காகக் காந்தியடிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு வறுமை.

ஆனால் அதே ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளைக் கணக்குப் பாருங்கள். 1914-ல் ஆலனின் இன்னொரு நூல் 'அகமே புறம்' என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டு 'மெய்யறம்' அச்சானது. 1915-ல் 'மெய்யறிவு'. 1916-ல் மீண்டும் ஆலனின் நூல், 'வலிமைக்கு மார்க்கம்'. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரைப் பதிப்பு. அடுப்பு எரியாத நாட்களில் பிறர் வீட்டில் விளக்கு எரிவதற்கான எண்ணெயை அவர் ஆட்டிக்கொண்டிருந்தார். சிறையில் செக்கிழுத்தது கட்டாயத்தால், இது விருப்பத்தால்.

பிறகு நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சி தம்மைச் செக்கில் பூட்டியது என்ற கசப்பை, நன்மை செய்த ஒரு வெள்ளையர் மீது அவர் காட்டவில்லை. பகை உடலையும் அரிக்கும் என்று மொழிபெயர்த்தவர், அதைத் தம் வீட்டுப் பிள்ளையின் பெயரிலேயே நடைமுறைப்படுத்திவிட்டார்.

பாப்பாரப்பட்டி எழுப்பும் கேள்வி

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். எண்ணம்போல் வாழ்வு அமையும் என்றால், இவ்வளவு நல்ல எண்ணம் கொண்டவருக்கு வறுமை ஏன் தீரவில்லை? நல்ல எண்ணம் உடலைக் காக்கும் என்றால், அவருடைய தோழருக்கு ஏன் அப்படி ஆயிற்று?

அந்தத் தோழர் சுப்பிரமணிய சிவா. நம் மாவட்டத்து மண்ணில் அடங்கியவர். 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். 1912-ல் வெளியே வந்ததும் 'ஞானபாநு' என்ற இதழ் நடத்தினார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அவருக்குத் தடை இருந்தது. உடலெல்லாம் புண்ணோடு கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்துத் தங்கி, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார். வயது நாற்பதுதான். அவருடைய நினைவு மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டறிந்துவிட்டார். சிவாவின் எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை, கிருமி வந்தது, அவ்வளவுதான். அன்று மருந்து இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, குணமும் ஆகிறது.

ஆகவே இந்த வகை நூல்களைப் படிக்கும்போது ஓர் எல்லைக்கோடு வேண்டும். எண்ணத்தைச் சீர்செய்தால் கோபம் குறையும், உறக்கம் வரும், தீய பழக்கம் விலகும், அதனால் உடலும் தேறும். இது உண்மை. ஆனால் நோயாளியைப் பார்த்து உன் மனம் சரியில்லை, அதனால்தான் உனக்கு நோய் என்று சொல்ல இந்த நூல்களை யாரும் ஆதாரமாக்கக் கூடாது. அய்யூப் (அலை) அவர்கள் நபி. அவர்களுக்கும் கடும் நோய் வந்தது. அதை அல்லாஹ் அவர்களுடைய குறையாகச் சொல்லவில்லை, பொறுமைக்குச் சான்றாக்கினான். நம் குடும்பத்தில் புற்றுநோயோ மனச்சோர்வோ வந்த ஒருவரிடம் ஈமான் குறைவு என்று பேசும் வாய்கள் இதைக் கவனத்தில் கொள்ளட்டும். மருந்தை மருத்துவரிடமும் ஆறுதலை நம்மிடமும் அவர் பெற வேண்டும்.

முயற்சி நம் கையில், முடிவு அல்லாஹ்வின் கையில். தம்மிடம் உள்ளதை ஒரு சமுதாயம் தானே மாற்றிக்கொள்ளாத வரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்ற கருத்தைத் திருக்குர்ஆனில் (13:11) ஓதுகிறோம். அதே குர்ஆனில்தான் சோதனையைப் பற்றியும் ஓதுகிறோம். இரண்டையும் சேர்த்து ஓதுபவன் சோம்பியும் இருக்க மாட்டான், உடைந்தும் போக மாட்டான்.

வ.உ.சி.க்கு நூல்கள் கப்பலைத் திருப்பித் தரவில்லை, செல்வத்தையும் தரவில்லை. அவர் கெட்டுப்போகாமல் காத்தன. குடியில் விழாமல், பகையில் வேகாமல், பிச்சை எடுக்காமல், கடைசிவரை உழைத்த மனிதராக வைத்திருந்தன. ஒரு நூலிடம் நாம் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான்.

கடைசியாக எழுதிய பக்கம்

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்து கடைசிக் காலத்தைக் கழித்தார். 1934-ல், அறுபதைத் தாண்டிய வயதில், ஆலனின் நூல் ஒன்றை மறுபடியும் தமிழாக்கி 'சாந்திக்கு மார்க்கம்' என்று வெளியிட்டார். முப்பத்தாறில் பிடித்த நூலாசிரியரை அறுபதிலும் அவர் விடவில்லை.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். அதற்கு முன் எழுதிய உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தர வேண்டிய பாக்கிகளைப் பட்டியலிட்டிருந்தார். பெரிய சொத்தைப் பங்கு வைத்த உயில் அல்ல அது. பட்ட கடனை மறைக்காத உயில்.

வஸிய்யத் எழுதாமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். கடனோடு இறந்தவரின் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அந்தக் கடனை அடைக்க அவர் ஏதேனும் விட்டுச் சென்றிருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் நம் கடனை எழுதி வைத்திருக்கிறோம்?

நம் வீட்டுக்கு என்ன எடுத்துச் செல்வோம்?

வ.உ.சி. தொடங்கிய இந்த வழியில் பிற்காலத்தில் பெரும் பணி செய்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள், 'முன்னேறுவது எப்படி?', 'கவலைப்படாதே' போன்ற நூல்களால் எல்லாச் சமயத்துத் தமிழ் இளைஞர்களுக்கும் வழிகாட்டினார்கள். 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' தந்தவரும் அவர்களே.

ஆகவே நூலுக்குப் பஞ்சமில்லை. வ.உ.சி.யின் நூல்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. அப்துற் றஹீம் அவர்களின் நூல்களும் கிடைக்கின்றன. பஞ்சம் எல்லாம் நடைமுறைக்குத்தான். நல்ல வரிகளைக் கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதையே செய்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் ஒரு நல்ல நூலிலிருந்து இரண்டு பக்கம் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் தந்தையும் கைப்பேசி வழியே கேட்கட்டும். படித்ததில் ஒன்றை மட்டும் அந்த வாரம் செய்து பார்க்கட்டும். ஃபஜ்ருக்குப் பின் உறங்காமல் அரைமணி நேரம் நடக்கலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடும் சுன்னத்தை இரவு உணவில் கடைப்பிடிக்கலாம். பல வருடமாகப் பேசாத ஓர் உறவினருக்கு ஸலாம் சொல்லலாம். ஒரு நோட்டில் கடன் கணக்கை எழுதலாம். நாற்பது வயதில் தொடங்கினால் தாமதமில்லையா என்று யாராவது கேட்டால், கண்ணனூர்ச் சிறையிலிருந்து நாற்பதாவது வயதில் வெறுங்கையோடு வெளியே வந்த மனிதரின் நூல் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள்.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். மனமும் அமானிதமே. இரண்டையும் பேணி, எஞ்சியிருக்கும் வயதைப் பயனுள்ளதாக்கிக்கொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் குடும்பங்களில் நோயோடு இருப்போருக்கு நல்ல ஷிஃபாவையும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.